கரண்ட் பில்லில் இருந்து தொடங்குங்கள்: அன்றாடக் கேள்விக்குத் தரவை வைத்து விடை தேடுவது எப்படி

தரவு அறிவியல் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஓர் இணையவழி வகுப்புக்குக் காசு கட்டினேன். முதல் மாதம் முழுக்க டைட்டானிக் கப்பலில் யார் தப்பினார்கள், யார் தப்பவில்லை என்று கணக்குப் போட்டோம். அடுத்த மாதம் ஐரிஸ் என்றொரு பூவின் இதழ் நீளம். நான் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். கப்பல் பார்க்கத் துறைமுகம் இருக்கிறது. ஐரிஸ் பூவை இன்றுவரை நேரில் கண்டதில்லை. வகுப்பு முடிந்தபோது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்றுக்குக்கூட விடை சொல்லத் தெரியவில்லை.

கேள்வி என்னவோ சின்னதுதான். "ஆனி, ஆடி வந்தால் கரண்ட் பில் ஏன் இப்படி ஏறுது? ஃபேன் மட்டுந்தானா, வேற எதுவும் இருக்கா?" என்று அம்மா கேட்டார்.

அதற்கு ஒழுங்கான விடை காண மூன்று மாதம் பிடித்தது. அதில் பெரும்பகுதி வீண். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அந்தப் பாதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியில் ஒரு அட்டவணையைத் திறந்து கூட்டல் கழித்தல் செய்யத் தெரிந்தால் போதும். பைதன் என்ற கணினி மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தயங்குவது அங்கேதான். கூகிள் ஷீட்ஸ் இலவசம். இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டுமானால் லிப்ரே ஒபிஸ், அதுவும் இலவசம். கீழே சொல்லும் வானிலைத் தரவும் இலவசம், கணக்குத் திறக்கவே தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் வாங்க வேண்டும். வகுப்புக்குக் காசு கட்டுவதை இந்தப் பத்துப் படிகளும் முடிந்த பிறகு யோசியுங்கள். அப்போது உங்களுக்கு என்ன தெரியவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

1. கேள்வியை ஒரு வரிக்குள் அடக்குங்கள்

"திருகோணமலையின் காலநிலையும் மின்பாவனையும்" என்று நான் தொடங்கினேன். அது தலைப்பு. அதற்குப் பின்னால் போனால் ஆறு மாதம் கழித்தும் கோப்புகளை இறக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

"வெக்கை கூடிய நாட்களில் எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை அலகு கூடுதலாகப் போகிறது?" இது கேள்வி. சோதனை எளிது. கொப்பியின் முதல் பக்கத்தில் கேள்வியை எழுதி, அதற்குக் கீழே எந்த இரண்டு நிரல்கள் (அட்டவணையின் நெடுக்கு வரிசைகள்) இருந்தால் விடை வரும் என்று எழுதிப் பாருங்கள். எனக்கு வந்தவை இரண்டு: ஒருநாள் அலகு, அந்த நாட்களின் வெப்பநிலை. நிரலின் பெயர் எழுத முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது, வெட்டுங்கள்.

2. பில்களைத் தேடி எடுங்கள்

குறைந்தது பன்னிரண்டு மாதம், முடிந்தால் இருபத்துநான்கு. ஒரே வருடம் என்றால் ஒவ்வொரு மாதமும் ஒரு தடவைதான் வரும். அந்த ஆடியில் நடந்தது வெக்கையாலா, வேறு காரணத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கள் வீட்டில் பில்கள் மூன்று இடத்தில் இருந்தன: சாமிப்படத்துக்குப் பின்னால், அலுமாரி லாச்சிக்குள், மிச்சம் அம்மாவின் தொலைபேசிக் குறுஞ்செய்திகளில். மை மங்கிய பில்லை வெயிலில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்டவை வருடம் ஒன்று போனால் வெள்ளைத் தாளாகிவிடும்.

நடுவில் ஒரு பில் காணாமல் போய்விட்டதா? பதற வேண்டாம். மீற்றரின் வாசிப்பு கூடிக்கொண்டே போகும் எண். முந்திய பில்லின் வாசிப்பும் பிந்திய பில்லின் வாசிப்பும் இருந்தால் இரண்டு மாதத்தின் மொத்தம் கிடைத்துவிடும். அந்த இரண்டு மாதத்தையும் ஒரே வரியாகப் போடுங்கள். நடுவில் ஒரு எண்ணைக் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். நான் நிரப்பினேன். பிறகு எது உண்மை, எது என் கற்பனை என்று எனக்கே மறந்துபோனது.

இன்னொரு பொறி: கேற் பூட்டியிருந்ததால் வாசிப்பு எடுக்கப்படாத மாதங்கள். அந்த மாதம் உத்தேச அலகு விழும், அடுத்த மாதம் கணக்கு நேராகும்போது பெரிய ஏற்றமோ இறக்கமோ தெரியும். அப்படிப்பட்ட இரண்டு பில்களையும் சேர்த்து ஒன்றாக்குங்கள்.

3. தட்டச்சு செய்யுமுன் திகதியைச் சரிசெய்யுங்கள்

ஐந்து நிரல் போதும்: முந்திய வாசிப்புத் திகதி, இந்த வாசிப்புத் திகதி, முந்திய வாசிப்பு, இந்த வாசிப்பு, குறிப்பு. அலகைத் தட்டச்சு செய்யாமல் கழித்து எடுங்கள். பில்லில் உள்ள அலகோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் தட்டச்சுப் பிழை அங்கேயே பிடிபடும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. கூகிள் ஷீட்ஸ் பல நேரம் அமெரிக்கத் திகதி முறையில் திறக்கும். நாம் 05/06 என்று ஜூன் ஐந்தாம் திகதியைப் போட்டால் அது மே ஆறு என்று எடுத்துக்கொள்ளும். 13/06 என்று போட்டால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. ஃபைல் மெனுவுக்குள் செற்றிங்ஸ் போய் லொகேல் என்ற இடத்தில் ஐக்கிய இராச்சியத்தைத் தெரிவுசெய்யுங்கள், நாள் முதலில் வரும். ஏற்கனவே தட்டச்சு செய்துவிட்டீர்கள் என்றால் நிரலை மேலிருந்து கீழே பாருங்கள்: திகதியாக எடுத்துக்கொண்டவை வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகக் கிடப்பவை இடப்பக்கம் நிற்கும். எனக்கு ஒரு வாரம் தின்ற பிழை இது.

குறிப்பு என்ற நிரலை வெறுமையாக விடாதீர்கள். "மாமா குடும்பம் வந்தது", "பழைய ஃப்ரிட்ஜ் மாற்றியது", "திருவிழா" என்று நினைவில் உள்ளதை எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் மாதக் கணக்கில் சொல்வார்கள். எட்டாவது படியில் இதுதான் கைகொடுக்கும்.

இருபத்துநான்கு பில்லுக்கும் சேர்த்து இரண்டு மாலை வேலை.

4. ரூபாவை விடுங்கள், நாளால் வகுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் ரூபாவை வரைகிறார்கள். நானும் வரைந்தேன், மலைபோல ஒரு படம் வந்தது. அது எங்கள் வீட்டின் படம் இல்லை, கட்டண மாற்றத்தின் படம். இலங்கையில் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதாகக் கூடியது. 2025 ஜனவரியில் குறைந்து ஜூனில் மறுபடி கூடியது. அதோடு நம்முடைய கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. மாதம் 60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் வேறு விலை விழும். ஆகவே ரூபா இரண்டு மடங்கானால் பாவனையும் இரண்டு மடங்கானது என்று அர்த்தமில்லை. பாவனையைப் பற்றிய கேள்விக்கு அலகைத்தான் பார்க்க வேண்டும்.

அலகையும் அப்படியே பார்க்கக் கூடாது. மீற்றர் பார்ப்பவர் ஒரு மாதம் 28 நாளில் வருவார், ஒரு மாதம் 34 நாளில் வருவார். 28 நாளில் 112 அலகு. 34 நாளில் 136 அலகு. பில்லைப் பார்த்தால் 24 அலகு கூடிவிட்டது என்று வீட்டில் சண்டை வரும். நாளால் வகுத்தால் இரண்டும் ஒருநாளைக்கு 4. ஒன்றுமே கூடவில்லை.

இரண்டு திகதிகளையும் கழித்தால் நாட்கள் வரும், அலகை அதனால் வகுங்கள். இந்த ஒரு நிரலைப் போட்டதும் எங்கள் வீட்டு "மர்ம மாதங்கள்" பாதி மறைந்துவிட்டன. இங்கேயே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. வெப்பநிலைத் தரவை இறக்குங்கள்

நாசாவின் பவர் என்ற தளத்தில் உலகின் எந்த இடத்துக்கும் 1981 முதல் நாள்வாரியான வானிலைத் தரவு கிடைக்கும். புள்ளி ஒன்றைத் தெரிவுசெய்து, நாள்வாரி என்று குறித்து, தொடக்க முடிவுத் திகதிகளைக் கொடுத்து, இரண்டு மீற்றர் உயரத்து வெப்பநிலை, அதன் உச்சம், மழை ஆகிய மூன்றையும் தெரிவுசெய்து சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பாக இறக்குங்கள். பத்து நிமிட வேலை. அதில் நான் விழுந்த குழிகள் நான்கு.

முதலாவது அட்சரேகை, தீர்க்கரேகை. திருகோணமலை வடக்கே 8.57, கிழக்கே 81.23. நான் மாற்றிப் போட்டுவிட்டேன். இறங்கிய கோப்பில் ஜனவரி மாத வெப்பநிலை பூச்சியத்துக்கு வெகு கீழே. வாடைக் காற்று வீசும் மாதந்தான், ஆனாலும் நம்மூரில் ஐஸ் உறையாதே என்று யோசித்து வரைபடத்தில் பார்த்தால், புள்ளி நோர்வேக்கும் மேலே வட துருவக் கடலுக்குள் நிற்கிறது. என் பிழை பளிச்சென்று தெரியும் பிழையாக அமைந்தது அதிர்ஷ்டம். 8.57ஐ 7.85 என்று போட்டிருந்தால் பொலன்னறுவைப் பக்கத்து வெயிலை எங்கள் வீட்டு வெயில் என்று நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

இரண்டாவது, மைனஸ் 999. அந்தத் தளத்தில் தரவு இல்லாத நாளுக்கு இந்த எண்ணைப் போடுகிறார்கள். கடைசிச் சில நாட்களில் அடிக்கடி வரும். அப்படியே சராசரி எடுத்தால் ஒரு மாதமே உறைந்துபோகும். தேடி, அழித்து, கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் போடக் கூடாது.

மூன்றாவது, கோப்பின் மேலே சில வரிகள் விளக்கம் இருக்கும். அவற்றை நீக்கினால்தான் நிரல்கள் ஒழுங்காக நிற்கும்.

நான்காவதுதான் முக்கியம். இது நம் ஊரில் ஒருவர் வெப்பமானி பிடித்து எடுத்த அளவு கிடையாது. செய்மதி, கணினி மாதிரி இவற்றில் இருந்து வரும் மதிப்பீடு. ஒரு கட்டம் ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்கு 69 கிலோமீற்றர். உப்புவெளிக் கரையும் உள்நாட்டுக் காடும் கடலும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கும். ஒரு கிழமையை இன்னொரு கிழமையோடு ஒப்பிட இது நன்றாகப் போதும். "நேற்று எங்கள் முற்றத்தில் இத்தனை பாகை" என்று சொல்லப் போதாது.

ஓப்பன் மீற்றியோ என்ற இன்னொரு தளமும் உண்டு, அதுவும் நல்லது. அதில் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவுசெய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கிரீன்விச் நேரப்படி நாள் பிரியும்; அதாவது நம் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கும்.

6. இரண்டையும் பொருத்துங்கள்

வெப்பநிலை நாள்வாரியாக இருக்கிறது, பில் மாதவாரியாக. அதிலும் பில் மாதம் கலண்டர் மாதம் இல்லை. 17ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 19இல் முடியும். "ஜூலை பில்" என்பதை ஜூலை மாத வெப்பநிலையோடு பொருத்தினால் பாதி ஜூன் உள்ளே கிடக்கும்.

ஆவரேஜ் இஃப்ஸ் என்ற சூத்திரம் இதற்கென்றே இருக்கிறது. முந்திய வாசிப்புத் திகதியில் இருந்து இந்த வாசிப்புத் திகதிக்கு முதல்நாள் வரை உள்ள நாட்களின் வெப்பநிலைச் சராசரியை அது எடுத்துத் தரும். ஒரு வரிக்கு எழுதிக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிக்கும் வந்துவிடும். முதல் இரண்டு வரியையாவது கையால் கணக்கிட்டுச் சரிபாருங்கள். சூத்திரம் தப்பாது, அதற்குள் நாம் காட்டிய கட்டங்கள் தப்பும்.

7. படம் வரையுங்கள்

இரண்டே படங்கள். காலத்தோடு ஒருநாள் அலகு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு கோட்டுப் படம். வெப்பநிலைக்கும் அலகுக்கும் உறவு உண்டா என்பதற்குப் புள்ளிப் படம், கீழே வெப்பநிலை, பக்கத்தில் அலகு, ஒவ்வொரு பில்லும் ஒரு புள்ளி. வட்டப் படம் வேண்டாம், முப்பரிமாணம் வேண்டவே வேண்டாம்.

இடப்பக்கம் ஒரு அளவுகோல், வலப்பக்கம் இன்னொரு அளவுகோல் வைத்து இரண்டு கோடுகளை ஒரே படத்தில் வரைவது பார்க்க அழகாக இருக்கும். செய்யாதீர்கள். அளவுகோலை இழுத்துச் சுருக்கினால் எந்த இரண்டு கோட்டையும் ஒட்டி நடக்கச் செய்யலாம். கச்சான் காற்றையும் கச்சான் கடலை விற்பனையையும்கூடச் சோடி சேர்க்கலாம்.

பைதனில் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூகிள் கோலாப் இலவசமாகவே கிடைக்கிறது, கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. ஆனால் மேட்பிளாட்லிப் என்ற பைதனின் படம் வரையும் கருவியில் தமிழில் தலைப்புக் கொடுத்தேன், சதுரச் சதுரமாக வந்தது. அதில் இயல்பாக உள்ள எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழை ஏற்றினேன். எழுத்து வந்தது, ஆனால் திருகோணமலையின் "கோ" உடைந்துவிட்டது: ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. எழுத்துகளைத் தமிழ் முறைப்படி இடம்மாற்றி அடுக்கும் வேலையை அது செய்யவில்லை. இதற்காக இரண்டு இரவு கண்விழித்தேன். சுற்றுவழி எளிது: கூகிள் ஷீட்ஸிலேயே படத்தை வரையுங்கள், உலாவி தமிழை ஒழுங்காகக் காட்டும். பைதன்தான் வேண்டும் என்றால் எழுத்தில்லாமல் படத்தை எடுத்து, தமிழ்த் தலைப்பை வேறு மென்பொருளில் மேலே போடுங்கள்.

இதே குடும்பத்துத் தொல்லை இன்னொன்று: தமிழ் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து எழுத்துக் குறியீட்டு முறை யூடிஎஃப் 8 என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும். குப்பையாகத் தெரியும் நிலையில் சேமித்துவிடாதீர்கள்.

8. விடை கிடைத்துவிட்டது என்று துள்ளுமுன்

எங்கள் புள்ளிப் படத்தில் வெப்பநிலை ஏற ஏற அலகும் ஏறியது. சரி, ஃபேன்தான் என்று அம்மாவிடம் சொல்லப் போனேன். ஆனால் இரண்டு புள்ளிகள் கூட்டத்தை விட்டு மேலே தனியே நின்றன. ஒன்றுக்குக் குறிப்பு நிரலில் விடை இருந்தது: ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்த மாமா குடும்பம். மற்றதற்கு ஒன்றும் எழுதவில்லை.

மாத பில்லை வைத்து இதற்கு மேல் போக முடியாது. ஆகவே முப்பது நாள் தினமும் காலை ஆறு மணிக்கு மீற்றரைப் பார்த்து எழுதினேன். சுழல்தட்டு உள்ள பழைய மீற்றர் என்றால் கடைசியில் சிவப்பாக உள்ள இலக்கம் பத்தில் ஒன்று. அதையும் சேர்த்து எழுதினால் ஒருநாள் பாவனை பத்து மடங்காகத் தெரியும். பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரி: அயன் பண்ணியது, உடுப்புக் கழுவியது, செடிக்குத் தண்ணீர் விட்டது.

இரண்டாவது கிழமையே புரிந்துவிட்டது. அலகு கூடிய நாட்களில் பெரும்பாலானவை செடிக்குத் தண்ணீர் விட்ட நாட்கள். ஒரு குதிரைவலு மோட்டர் என்பது 746 வாட். இழப்பையும் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு அலகு குடிக்கும். 70 வாட் ஃபேன் ஒரு அலகு குடிக்கப் பதினான்கு மணித்தியாலம் வேண்டும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் செடி வாடுகிறது, மோட்டர் ஓடுகிறது. வெக்கையோடு அலகு கூடியது உண்மை, ஆனால் ஃபேனால் மட்டும் கூடவில்லை. தனியே நின்ற அந்தப் புள்ளியைப் பற்றி அம்மாவிடம் கேட்டபோதுதான் நினைவு வந்தது: கிணற்றுக்குள் ஃபுட் வால்வு ஒழுகி, மோட்டர் தண்ணீர் இழுக்காமல் சும்மா ஓடிய மாதம் அது.

உறுதிப்படுத்த ஒரு கிழமை ஃபேனை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை. சரி என்று வாளியால் செடிக்கு ஊற்றிப் பார்த்தோம். ஒரு கிழமை காலையும் மாலையும் நான்தான் ஊற்றினேன். அலகு இறங்கியது, என் தோள்மூட்டும் இறங்கியது.

9. தரவே இல்லாத கேள்வி: மீன் விலை

அடுத்து வீட்டில் எழுந்தது இது: கடல் கொந்தளிக்கும் நாளில் மீன் விலை எவ்வளவு ஏறுகிறது? மத்திய வங்கி தினமும் விலை அறிக்கை ஒன்று பிடிஎஃப் கோப்பாக வெளியிடுகிறது, மீனும் அதில் உண்டு. ஆனால் அது மேற்குக் கரைப் பக்கத்துப் பேலியகொடை, நீர்கொழும்பு விலை. மேற்குக் கரை கொந்தளிக்கும் காலத்தில் நம் கரை அமைதியாக இருக்கும், மார்கழியில் நேர்மாறு. அந்தத் தரவை வைத்து நம்மூர்ச் சந்தையைப் பற்றிப் பேச முடியாது. நாமே சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் விதம் முக்கியம். ஒரே மீன், ஒரே கடை, ஒரே நேரம். காலை ஏழு மணிச் சூரையும் பதினொரு மணிச் சூரையும் வேறு வேறு விலை, பகலில் கடைக்காரர் விற்றுத் தீர்க்கப் பார்ப்பார். கேட்ட விலையா, பேசி வாங்கிய விலையா என்பதை முதல்நாளே முடிவுசெய்யுங்கள். நான் கேட்ட விலையை எழுதினேன், ஏனென்றால் பேரம் பேசுவதில் எனக்குள்ள திறமை நாளுக்கு நாள் மாறும்.

இனி நான் செய்த பெரிய பிழை. மீன் வராத நாட்களில் விலை நிரலில் ஒன்றும் எழுதவில்லை, வரியையே விட்டுவிட்டேன். மாத முடிவில் சராசரி எடுத்தால் கொந்தளிப்பு மாதத்தில் விலை பெரிதாக ஏறவே இல்லை! யோசித்துப் பாருங்கள். கடல் மிக மோசமான நாட்களில் மீனே இல்லை, ஆகவே விலையும் இல்லை. மிஞ்சியவை வள்ளம் இறங்கக்கூடிய ஓரளவு நல்ல நாட்கள். அந்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் விலை அடக்கமாகத்தான் தெரியும். ஆகவே மீன் இல்லாத நாளுக்கும் ஒரு வரி போடுங்கள். "கிடைத்ததா" என்று தனி நிரல் வைத்து ஆம், இல்லை என்று எழுதி, விலைக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அப்போது "எத்தனை நாள் மீன் இல்லை" என்பதே ஒரு விடையாகிவிடும். எனக்குச் சராசரி விலையைவிட அந்த எண்தான் உண்மையைச் சொன்னது.

போயா நாட்களுக்கும் ஒரு நிரல் வையுங்கள். விடுமுறை என்பதற்காக மட்டுமல்ல, முழு நிலவில் வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் மீன் குறையும்.

காலம்: குறைந்தது மூன்று மாதம், ஐப்பசியில் தொடங்கினால் நல்லது. அமைதிக் கடலில் இருந்து வாடைக்கு மாறுவது உங்கள் கொப்பிக்குள் விழும். தினமும் இரண்டு நிமிடம்.

10. அலுவலகத்திடம் கேட்பது

சில தரவு அரசாங்கத்திடம் மட்டும் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஆர்டிஐ 01 என்ற படிவம் இருக்கிறது. அது கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலும் செல்லும். உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு அனுப்புங்கள். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான சிட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கீழே சொல்லும் நாட்கணக்கு அந்தத் திகதியில் இருந்துதான் ஓடும்.

14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவலைத் தர வேண்டும், தேவைப்பட்டால் காரணம் சொல்லி மேலும் 21 நாட்கள் வரை நீட்டிக்கலாம். ஆக, இரண்டு மாதத்தை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

என் முதல் விண்ணப்பம் வீணாய்ப் போனது. "மீன் விலை ஏன் ஏறுகிறது?" என்று ஓர் அலுவலகத்தைக் கேட்டேன். ஒரு பக்க விளக்கம் வந்தது, எண் ஒன்றுகூட இல்லை. இந்தச் சட்டத்தில் கேட்க வேண்டியது கையில் ஏற்கனவே உள்ள பதிவை. இன்ன மாதத்தில் இருந்து இன்ன மாதம் வரை, மாதவாரியாக, இன்ன இறங்குதுறைகளுக்கான பதிவு என்று கேளுங்கள். எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்கவில்லை. இரண்டாம் தடவை வந்தது தாளில், அதையும் சரிவாக வருடிய பிரதி, கையால் தட்டச்சு செய்ய ஒரு ஞாயிறு போனது.

மின்கோப்பாக வந்தாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததா என்று பாருங்கள். திரையில் தமிழாகத் தெரியும், அட்டவணையில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றிய பிறகு ஊர்ப் பெயர்களை ஒருதடவை கண்ணால் சரிபாருங்கள். "மூதூர்" ஓரிடத்திலும் "முதூர்" இன்னோரிடத்திலும் இருந்தால் கணினி இரண்டு ஊராக எண்ணும்.

மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத் தபால், சிட்டையை விண்ணப்பப் பிரதியோடு பின் குத்தி வையுங்கள். அந்தப் பிரதியையோ, உங்கள் பில் அட்டவணையையோ நண்பர்களுக்குப் பகிருமுன் பெயர், முகவரி, மின்கணக்கு இலக்கம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கூகிள் ஷீட்ஸில் நிரலை மறைத்தால் போதாது. பகிர்ந்த கோப்பைப் பிரதி எடுப்பவர் அதைத் திறந்து பார்த்துவிடலாம், நிரலையே அழித்த தனிப் பிரதி ஒன்றை அனுப்புங்கள்.